மழைக்காலமே தேடும் காலம்

வீட்டைப் புதுப்பிக்கும் எண்ணம் பெரும்பாலான குடும்பங்களில் ஏதேனும் ஒரு நாள் குறிக்கப்பட்ட பின்னரே எழுகிறது. மகளின் திருமணம் தை மாதத்தில் என்று முடிவானதும், அதுவரை பொருட்படுத்தாத கூரையின் ஈரக்கறை கண்ணை உறுத்தத் தொடங்கும். எஞ்சியிருப்பதோ எட்டு வாரம். அதற்குள் கைவசம் வேறு வேலை இல்லாத ஓர் ஒப்பந்ததாரர் கிடைத்தும் விடுவார். அவரிடம் ஏன் வேலை இல்லை என்று விசாரிக்கத்தான் நேரம் இருக்காது. பல்லாண்டுச் சேமிப்பு, சில வேளை ஓய்வுபெற்றபோது வந்த முழுத்தொகையும், ஒரு வாரமே பழகிய ஒருவரின் கைக்குப் போகிறது.

பணி தொடங்குவதற்கு நான்கு மாதமேனும் முன்பே தேடலைத் தொடங்க வேண்டும் என்பது நம் கருத்து. அதற்கு மழைக்காலத்தைவிடப் பொருத்தமான பருவம் இல்லை. தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 1 அளவில் கேரளத்தை அடைந்து, ஜூலை இரண்டாம் வாரத்திற்குள் நாடு முழுவதும் பரவுகிறது. மும்பையிலோ கொல்கத்தாவிலோ வசிப்போர் ஜூலையில் தேடத் தொடங்கினால், மழை ஓய்ந்த நவம்பரில் வேலையைத் தொடங்கலாம். வடகிழக்குப் பருவமழை பெய்யும் தமிழகத்தில் ஐப்பசியில் தேடினால் மாசியில் தொடங்கலாம்.

புதிதாக வண்ணம் பூசிய வீடு எதுவும் அழகாகவே இருக்கும். ஆகவே ஒப்பந்ததாரர் சென்ற ஆண்டு முடித்துக் கொடுத்த வீட்டை, நல்ல மழை பெய்த மறுநாள் சென்று பாருங்கள். குளியலறைச் சுவரின் மறுபக்கம், மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, சன்னலின் கீழ்விளிம்பு ஆகிய மூன்று இடங்களும் உண்மையைச் சொல்லிவிடும். அவ்வீட்டாரிடம் “வேலை திருப்திதானா?” என்று கேட்டால், மரியாதைக்காக “ஆம்” என்பார்கள். “வேலை முடிந்தபின் பழுதுக்காக அழைத்தீர்களா? எத்தனை நாளில் வந்தார்?” என்று கேட்பதே பயன் தரும்.

மூவரிடம் விலைப்புள்ளி பெறுவது பலரும் அறிந்த வழக்கம். ஆனால் மூவருக்கும் ஒரே பணிப்பட்டியலை எழுதிக் கொடுத்தால்தான் ஒப்பீடு பொருள்படும். ஒரு குளியலறைக்கு ஒருவர் 1,40,000 ரூபாயும் மற்றொருவர் 1,75,000 ரூபாயும் கேட்பதாகக் கொள்வோம். முதலாமவர் ஜிஎஸ்டி சேர்க்கவில்லை. 18 விழுக்காடு சேர்த்தால் தொகை 1,65,200 ஆகிறது. இடித்த கழிவை அகற்றும் செலவும் அதில் இல்லை. ஓடு பதிக்கும் முன் தளத்தில் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு பூசி, 24 மணி நேரமேனும் நீர் தேக்கிச் சோதிப்பதைப் பற்றி அவர் ஒரு சொல்லும் எழுதவில்லை. மலிவாகத் தோன்றியது எது என்பது இப்போது தெரிகிறது. மின்கம்பியின் அளவு, குழாயின் வகை, சிமென்ட்டின் தரம் எல்லாம் பெயரோடு பட்டியலில் இருக்கட்டும்.

கால அட்டவணையையும் எழுத்தில் பெறுங்கள். புதுச் சிமென்ட் பூச்சு வண்ணம் ஏற்பதற்கு ஏறத்தாழ நான்கு வாரம் உலர வேண்டும். இதை எவராலும் சுருக்க இயலாது. தீபாவளி, சட் பூஜை நாள்களில் பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் ஊர் செல்வர். அந்த இடைவெளியை முன்கூட்டியே கணக்கிட்டவர் தொழில் அறிந்தவர் எனலாம். அடுக்குமாடியில் வசிப்போர் சங்கத்தின் அனுமதியையும், சுவரை இடிப்பதானால் கட்டுமானப் பொறியாளரின் கருத்தையும் இதே மாதங்களில் பெற்றுவிடலாம்.

கடன் பெற எண்ணுவோருக்கும் இந்த அவகாசம் தேவை. மதிப்பீடு விரிவாக இருந்தால் கிளையில் பரிசீலனை எளிதாகும். பழைய வரிமுறையைத் தேர்ந்தவர்கள், தாம் குடியிருக்கும் வீட்டின் பழுதுபார்ப்புக் கடனுக்குச் செலுத்தும் வட்டியில் ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை கழிவு கோரலாம். சான்றாக ரசீதுகளைப் பாதுகாத்து வையுங்கள்.

முன்பணம் பத்து விழுக்காட்டைத் தாண்டாமல் இருப்பது நன்று. அதன்பின் தொகையை நாள் கணக்கில் அல்லாது முடிந்த வேலையின் கணக்கில், வங்கிக் கணக்கின் வழியே செலுத்துங்கள். அவரும் வாரந்தோறும் கூலி கொடுக்க வேண்டியவர் என்பதால், முடிந்த கட்டத்திற்கான தொகையைத் தாமதிப்பது முறையன்று. இறுதியில் ஐந்து விழுக்காட்டை அடுத்த மழைக்காலம் முடியும்வரை நிறுத்தி வைப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம். பேச்சின் தொடக்கத்திலேயே இதைச் சொல்லிவிட வேண்டும். பாதி வேலையில் சொன்னால் சச்சரவே மிஞ்சும்.