வழியனுப்பிய கைகள்

செக் நாட்டின் தலைநகர் பிராக். அந்நகரின் முதன்மை இரயில் நிலையத்தில் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. அது இரயில் பெட்டியின் கதவு வடிவில் அமைந்தது. கதவுக் கண்ணாடியின் ஒரு பக்கத்தில் பெரியவர்களின் கைகளும் மறுபக்கத்தில் சிறுவர்களின் கைகளும் பதிந்துள்ளன. பிள்ளைகளைப் பிரிந்த பெற்றோரின் நினைவாக அது 2017இல் திறக்கப்பட்டது. அவர்கள் ஏன் பிரிந்தார்கள்?

1933இல் ஹிட்லர் ஜெர்மனியின் ஆட்சியைக் கைப்பற்றினார். அங்கு வாழ்ந்த யூதர்களின் வேலை, கல்வி, குடியுரிமை ஆகியவை ஒவ்வொன்றாகப் பறிக்கப்பட்டன. 1938 நவம்பர் 9ஆம் நாள் இரவு, அவர்களின் வழிபாட்டு இல்லங்களுக்குத் தீ வைக்கப்பட்டது, கடைகள் சூறையாடப்பட்டன. ஆயிரக்கணக்கான ஆண்கள் முகாம்களில் அடைக்கப்பட்டனர். தப்பிச் செல்ல விரும்பியவர்களையும் பல நாடுகள் ஏற்க மறுத்தன.

அந்நிலையில் பிரிட்டன் ஒரு வழியைத் திறந்தது. 17 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் அங்கு வரலாம். ஆனால், பெற்றோர் உடன் வர அனுமதி இல்லை.

பெற்றோர் தவித்தனர். மொழி தெரியாத நாட்டில், முன்பின் அறியாதவர் வீட்டில் பிள்ளை எப்படி வாழும்? மீண்டும் அதன் முகத்தைப் பார்க்க முடியுமா? இக்கேள்விகளுக்கு எவரிடமும் விடை இல்லை. ஆயினும், பிள்ளை உயிரோடு இருந்தால் போதும் என்று பலர் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டனர்.

பிள்ளைகள் ஒரு சிறிய பெட்டியோடு புறப்பட்டனர். அவர்களின் கழுத்தில் எண் எழுதிய அட்டை தொங்கியது. “நாங்களும் விரைவில் வந்துவிடுவோம்,” என்று பெற்றோர் பலர் கண்ணீரை மறைத்துக்கொண்டு கூறினர். ஒரு தந்தையால் மட்டும் பிரிவைத் தாங்க முடியவில்லை. இரயில் நகரத் தொடங்கியபோது, சன்னல் வழியாகத் தம் மகளை வெளியே இழுத்துவிட்டார். பின்னாளில் அச்சிறுமி வதைமுகாம்களில் பெருந்துன்பத்திற்கு உள்ளாகி உயிர் பிழைத்தாள். அவரும் அன்பினால்தான் அப்படிச் செய்தார்.

1939 மார்ச்சில் ஜெர்மனி பிராக் நகரையும் கைப்பற்றியது. இலண்டனைச் சேர்ந்த நிக்கலஸ் விண்டன் என்ற இளைஞரும் அவருடைய நண்பர்களும் அங்கிருந்து 669 பிள்ளைகளை மீட்க உதவினர். செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் மேலும் சுமார் 250 பிள்ளைகள் பயணம் செய்யவிருந்தனர். அதற்குள் போர் மூண்டது; அந்த இரயில் புறப்படவே இல்லை.

போருக்கு முன் ஏறக்குறைய 10,000 பிள்ளைகள் பிரிட்டனைச் சென்றடைந்தனர். அவர்களில் பெரும்பாலோர் தங்கள் பெற்றோரை மீண்டும் காணவில்லை. ‘நம்மை வேண்டாமென்று அனுப்பிவிட்டார்களோ’ என்று சிலர் பல ஆண்டுகள் மனத்திற்குள் வருந்தினர். தாங்களும் பெற்றோரான பிறகே சிலருக்கு உண்மை விளங்கியது. தங்கள் பிள்ளையை ஒருநாள் பிரிந்திருப்பதே கடினமாக இருக்கும்போது, திரும்பி வருமா என்று தெரியாமல் அனுப்பிவைக்க எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்தனர்.

கைவிடுவது வேறு, காப்பாற்றுவதற்காகக் கையை விடுவது வேறு. அன்று அந்தப் பெற்றோர் செய்தது இரண்டாவது. பிராக் இரயில் நிலையத்தின் கண்ணாடிக் கதவில் பதிந்திருப்பவை அந்தக் கைகளே.