மாடல் கிட்டில் மிஞ்சும் உதிரிப் பாகங்கள்: கேள்வி–பதில்

கேள்வி: பிளாஸ்டிக் மாடல் கிட்டைக் கட்டி முடித்த பிறகும் இத்தனை பாகங்கள் ஏன் மிஞ்சுகின்றன?

பதில்: பிளாஸ்டிக் மாடலின் பாகங்கள், உருகிய பாலிஸ்டைரீனை எஃகு அச்சுக்குள் அழுத்திச் செலுத்தி வார்க்கப்படுபவை. கிட் தயாரிப்பில் பெருஞ்செலவு அந்த அச்சுக்குத்தான். ஆகவே ஒரு முறை வெட்டிய அச்சை வைத்துப் பல ரகங்களை வெளியிடுவதே நிறுவனங்களின் வழக்கம். ஒரு விமானத்தின் எல்லா ரகங்களுக்கும் பொதுவான பாகங்கள் சில சட்டங்களில் இருக்கும். ரகத்துக்கு ரகம் மாறுபவை வேறு சட்டங்களில் இருக்கும். பாகங்களைத் தாங்கி நிற்கும் இந்தப் பிளாஸ்டிக் சட்டத்தை மாடல் கட்டுவோர் ரன்னர் என்றும் ஸ்ப்ரூ என்றும் சொல்கிறார்கள்.

இரண்டாம் உலகப் போரில் பறந்த பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயர் மார்க் 9 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் வால் சுக்கான் சில விமானங்களில் வட்ட முனையோடும், பின்னாளில் வந்தவற்றில் கூர்முனையோடும் இருந்தது. இறக்கை நுனியும் சிலவற்றில் வளைந்திருக்கும், சிலவற்றில் வெட்டிவிட்டதுபோல் நேராக இருக்கும். எந்த விமானத்தை வேண்டுமானாலும் கட்டிக்கொள்ள வசதியாக இரண்டு வகையையும் ஒரே பெட்டியில் கொடுக்கிறார்கள். கட்டுபவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும் மற்றது மிஞ்சுகிறது. டாங்கிக் கிட்களில் மண்வெட்டி, கோடரி, எரிபொருள் கேன், இயந்திரத் துப்பாக்கி ஆகியவை தேவைக்கு அதிகமாகவே வரும். ஜெட் விமானக் கிட்களில் குண்டுகளும் ஏவுகணைகளும் அப்படியே. எவை பயன்படாதவை என்பதைச் செய்முறைத் தாளில் உள்ள ரன்னர் படத்தில் நிழலிட்டோ குறுக்குக் கோடிட்டோ காட்டியிருப்பார்கள்.

கேள்வி: மிஞ்சியதை எல்லாம் எடுத்துவைக்க வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. வேறு மாடல்களிலும் பொருந்தக்கூடியவை, எளிதில் தொலைபவை, கையால் செய்யக் கடினமானவை ஆகிய மூன்று வகைக்கே முதலிடம். சக்கரம், புரொபெல்லர், விமானி இருக்கை, கருவிப் பலகை, புகைக் குழாய், துப்பாக்கி, குண்டு, வெளி எரிபொருள் தொட்டி, கருவிகள், மனித உருவங்கள் ஆகியவை கட்டாயம் சேமிக்கத்தக்கவை. மனித உருவம் முழுதாக இல்லாவிட்டாலும் தலை, கை, தொப்பி, முதுகுப்பை ஒவ்வொன்றும் தனித்தனியே பயன்படும். 1/35 அளவில் ஒரு சிப்பாயின் நிற்கும் பாங்கை மாற்ற, வேறொரு சிப்பாயின் கையை ஒட்டினாலே போதும்.

பாழாகிப்போன மாடலின் உடலையும் இறக்கையையும்கூட வீசிவிடத் தேவையில்லை. புதிய வண்ணத்தையும் வார்னிஷையும் சோதித்துப் பார்க்க அவை மிகவும் உதவும். அதற்கு ஒன்றிரண்டு துண்டுகள் இருந்தால் போதும்.

கேள்வி: ரன்னரோடு வைப்பதா, வெட்டி எடுத்து வைப்பதா?

பதில்: பாகத்தின் உறுதியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். சக்கரம், குண்டு, இருக்கை போன்ற தடித்த பாகங்களை வெட்டி எடுத்தால் இடம் மிச்சம். ஆன்டெனா, கைப்பிடி, துப்பாக்கிக் குழல் போன்ற மெல்லியவற்றைச் சுற்றியுள்ள ரன்னர் துண்டோடு சேர்த்து வெட்டுவதே பாதுகாப்பு. அந்தத் துண்டே பாகத்துக்கு வேலியாக நிற்கும்.

வெட்டுவதற்கு நிப்பர் வேண்டும். கையால் முறுக்கிப் பிய்த்தால் பாகத்தின் விளிம்பும் பெயர்ந்து வந்துவிடும். பாகத்தை ஒட்டி வெட்டாமல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் காம்பை விட்டு வெட்டினால், பின்னால் வண்ணம் பூசும்போது அந்தக் காம்பைப் பிடித்துக்கொள்ளலாம். அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வருவதற்காகப் பூசிய எண்ணெய்ப் பசை பாகங்களில் ஒட்டியிருக்கும். மென்மையான சோப்புத் தண்ணீரில் கழுவி, ஈரம் போகக் காயவைத்த பிறகே பெட்டியில் இட வேண்டும்.

எரிபொருள் தொட்டியும் குண்டும் பெரும்பாலும் இரண்டு பாதிகளாக வரும். அவற்றைப் பிரித்து வைத்தால் ஒரு பாதி காணாமல் போவது உறுதி. ஒட்டியோ டேப் சுற்றியோ இணையாக வைக்க வேண்டும்.

கேள்வி: எந்த முறையில் வகைப்படுத்தினால் தேடும்போது உடனே கிடைக்கும்?

பதில்: எந்தக் கிட்டிலிருந்து வந்தது என்பதைக் கொண்டு பிரிப்பது பலரும் முதலில் கையாளும் முறை. ஆனால் தேடுபவர் அப்படித் தேடுவதில்லை. அவருக்கு வேண்டியது 1/72 அளவில் ஒரு சக்கரம். அது எந்தப் பெட்டியிலிருந்து வந்தது என்பது அவருக்குப் பொருட்டல்ல. ஆகவே பாகம் என்ன வேலைக்குரியது என்பதையும் எந்த அளவுக்குரியது என்பதையும் வைத்துப் பிரிப்பதே பயன் தரும்.

முதல் பிரிவு அளவு: விமானங்களுக்கு 1/72, 1/48, 1/32, டாங்கிகளுக்கும் வீரர்களுக்கும் 1/35, கார்களுக்கு 1/24, கப்பல்களுக்கு 1/700, 1/350. அதற்குள் இரண்டாம் பிரிவு வேலை: சக்கரங்கள், ஆயுதங்கள், விமானி அறை, எஞ்சின் பாகங்கள், மனித உருவங்கள், கருவிகள். குழாய், கம்பி, தகடு, பெட்டி வடிவத் துண்டுகள் போன்றவற்றுக்கு அளவு முக்கியமில்லை. அவை எல்லா அளவுக்கும் பொதுவான ஓர் அறையில் இருக்கலாம்.

அளவு மீறி நுணுக்கமாகப் பிரிப்பதும் தொல்லைதான். ஆறு பாகங்களுக்கு ஆறு அறை ஒதுக்கினால் எது எங்கே என்பது வைத்தவருக்கே மறந்துவிடும். ஓர் அறையை ஒரு தட்டில் கொட்டினால் உள்ளே இருப்பது அத்தனையும் ஒரே பார்வையில் தெரிய வேண்டும். அப்படித் தெரியாத அளவுக்கு நிறைந்தால்தான் அந்த அறையை இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

கேள்வி: எந்த அளவைச் சேர்ந்தது என்றே தெரியாத பாகங்களை எப்படி இனங்காண்பது?

பதில்: ஓர் அளவுகோலும் எளிய வகுத்தலும் போதும். உண்மைப் பொருளின் நீளத்தை அளவு எண்ணால் வகுத்தால் மாடலில் இருக்க வேண்டிய நீளம் கிடைக்கும். 175 சென்டிமீட்டர் உயரமுள்ள மனிதர் 1/72 அளவில் 24 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகவும், 1/48 அளவில் ஏறத்தாழ 36.5 மில்லிமீட்டராகவும், 1/35 அளவில் 50 மில்லிமீட்டராகவும் இருப்பார்.

போர்க்கால வாகனங்களில் தொங்கும் 20 லிட்டர் எரிபொருள் கேன் சுமார் 47 சென்டிமீட்டர் உயரம். மாடலில் அது 13 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் 1/35. பத்து மில்லிமீட்டரை ஒட்டி இருந்தால் 1/48. ஆறரை மில்லிமீட்டர் என்றால் 1/72. சைட்விண்டர் ஏவுகணையின் குறுக்களவு 127 மில்லிமீட்டர். 1/72 அளவில் அது 1.8 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 1/48 அளவில் 2.6 மில்லிமீட்டர்.

1/72, 1/76 போல நெருக்கமான அளவுகளைக் கண்ணால் பிரித்தறிவது கடினம். 1/35, 1/32 இரண்டும் அப்படித்தான். 1/35 என்ற அளவே ஜப்பானின் டமியா நிறுவனம் 1960-களின் தொடக்கத்தில் தன் பாந்தர் டாங்கி மாடலுக்குள் மோட்டாரும் பேட்டரியும் அடங்கும்படி அமைத்ததால் பிறந்தது. இத்தகைய நெருங்கிய அளவுகளில் மண்வெட்டியும் மூட்டையும் ஒன்றுக்கொன்று மாறி வந்தாலும் கண்ணை உறுத்தாது. துப்பாக்கிக்கும் மனித உருவத்துக்கும் மட்டும் சரியான அளவு வேண்டும்.

கேள்வி: சேர்த்து வைக்கக் கூடாத பாகங்கள் உண்டா?

பதில்: உண்டு, சேமிப்பில் பெரும்பாலோர் கவனிக்காத பகுதி இதுதான். ரப்பர்போல் வளையும் டயர்களும் டாங்கிச் சங்கிலிகளும் பல கிட்களில் மென்மையான பி.வி.சி.யால் ஆனவை. பி.வி.சி.யை வளையச் செய்வதற்காகச் சேர்த்த எண்ணெய் போன்ற பொருள் ஆண்டுக்கணக்கில் மெல்லக் கசிந்து வெளியேறும். தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீனை அது இளக்கிவிடும். டயர் அழுந்திக் கிடந்த இடத்தில் அதன் பட்டன் வரிகள் அப்படியே பள்ளமாகப் பதிந்து, தொட்டால் பிசுபிசுக்கும். அந்தப் பாகத்தை மீட்பது அரிது. மென்மையான டயர்களைத் தனிக் கவரில் இட்டுத் தள்ளி வைப்பதே வழி.

கண்ணாடிபோல் தெளிவான பாகங்கள் மற்றவற்றோடு உரசினால் கீறல் விழும். ஒவ்வொன்றையும் மெல்லிய தாளில் சுற்றித் தனி டப்பாவில் வைக்க வேண்டும். பித்தளைத் தகட்டை அமிலத்தால் அரித்துச் செய்யும் நுண்பாகங்களைத் தகட்டிலிருந்து பிரிக்காமல், இரு அட்டைகளுக்கு நடுவே தட்டையாக வைப்பது நல்லது. பழைய வெள்ளை உலோகப் பாகங்களில் ஈயம் இருக்கக்கூடும். அவற்றைத் தனியே வைத்து, தொட்ட பிறகு கையைக் கழுவ வேண்டும்.

பொருள்வாரியாகப் பிரிப்பதற்கு ஒட்டுப்பசையும் ஒரு காரணம். மாடல் சிமென்ட் பாலிஸ்டைரீனின் மேற்பரப்பைக் கரைத்து ஒன்றாக இணைக்கிறது. ரெசினிலும் உலோகத்திலும் அது பலிக்காது. அவற்றுக்கு சயனோஅக்ரிலேட் பசை வேண்டும். ரோபோ மாடல்களின் மூட்டுகளில் வரும் பாலிஎத்திலீன் வளையங்களில் எந்தப் பசையும் சரியாகப் பிடிக்காது. பண்டாய் நிறுவனம் தன் ரன்னர்களிலேயே பிளாஸ்டிக்கின் வகையைப் பொறித்துவிடுகிறது. குறி இல்லாத துண்டைத் தண்ணீரில் போட்டுப் பார்க்கலாம்: பாலிஎத்திலீன் மிதக்கும், பாலிஸ்டைரீனும் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கும் மூழ்கும். காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் விரலால் தேய்த்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

கேள்வி: தண்ணீரில் நனைத்து மாடலில் ஒட்டும் சின்னங்களான டீகால்கள் மிஞ்சினால் எப்படிப் பாதுகாப்பது?

பதில்: டீகால்களுக்கு ஈரம், வெயில், பூச்சி மூன்றும் பகை. அவற்றின் பின்புறப் பசை மாவுப்பொருள் வகையைச் சேர்ந்தது. தாளையும் மாவுப்பசையையும் தேடித் தின்னும் இராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. ஒவ்வொரு தாளையும் மெழுகுத் தாளுக்கு நடுவே வைத்து, காற்றுப் புகாத ஜிப் கவரில் இட்டு, கோப்பில் தட்டையாக அடுக்க வேண்டும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும் உடன் போடுவது அவசியம்.

நாட்டுச் சின்னங்கள், எண்கள், சிறு எச்சரிக்கை எழுத்துகள் என மூன்றாகப் பிரித்தால் தேடுவது எளிது. சிவப்புப் பட்டையும் அம்புக்குறியும் எந்த நாட்டு விமானத்துக்கும் உதவும். வெளியே காவி, நடுவே வெள்ளை, உள்ளே பச்சை என அமைந்த இந்திய விமானப்படை வட்டம் எல்லாக் கிட்டிலும் வருவதில்லை. மிஞ்சினால் பத்திரப்படுத்த வேண்டியது. பழைய டீகால் தண்ணீரில் நொறுங்கும் என்ற ஐயம் இருந்தால் முதலில் தேவையற்ற ஒரு துண்டை நனைத்துப் பார்க்க வேண்டும். அது நொறுங்கினால், மீதமுள்ள தாளின்மேல் பளபளப்பு வார்னிஷை ஒரு கை மெல்லப் பூசிக் காயவைத்த பிறகு பயன்படுத்தலாம்.

கேள்வி: எத்தகைய பெட்டி ஏற்றது? சீட்டில் என்ன எழுத வேண்டும்?

பதில்: தொடக்கத்தில் ஜிப் கவர்களும் ஒரு காலணிப் பெட்டியும் போதும். பாகங்கள் பெருகும்போது மணி கோர்ப்பவர்களும் தூண்டில் போடுபவர்களும் வைத்திருக்கும் அறைப்பெட்டிக்கு மாறலாம். வாங்கும்போது மூடியை மூடி, பெட்டியைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். தடுப்புக்கும் மூடிக்கும் நடுவே இடைவெளி இருந்தால் மெல்லிய பாகங்கள் அறை விட்டு அறை போய்விடும். மூடி தெளிவாக இருப்பது நல்லது. உள்ளே இருப்பதைத் திறக்காமலே பார்க்கலாம்.

சீட்டில் அளவு, உண்மைப் பொருளின் பெயர், கிட் நிறுவனம், ரன்னர் எழுத்து, பாக எண் ஆகியவை இருந்தால் போதும். "1/48, ஸ்பிட்ஃபயர் 9, கூர்முனைச் சுக்கான்" என்ற ஒரு வரி பத்தாண்டு கழித்தும் பேசும். வெட்டி எடுத்த அன்றே எழுதிவிட வேண்டும். மறுநாளே எந்தச் சுக்கான் எந்த விமானத்தினுடையது என்பது மறக்கத் தொடங்கும். பயன்படாத பாகங்களைக் காட்டும் செய்முறைத் தாளையும் மடித்து உடன் வைப்பது நலம்.

பெட்டியைப் பரணிலோ தகரக் கூரைக்கு அடியிலோ நிறுத்திய காரிலோ வைக்கக் கூடாது. பாலிஸ்டைரீன் 100 டிகிரி செல்சியஸை ஒட்டி இளகும். அழுந்திக் கிடக்கும் மெல்லிய பாகம் அதற்குக் குறைந்த சூட்டிலேயே கோணிப்போகும்.

கேள்வி: இப்படிச் சேர்த்தவை உண்மையில் எங்கே பயன்படுகின்றன?

பதில்: தொலைந்த சக்கரத்துக்கு மாற்றாகவும், கிட்டில் மொழுக்கென்று வந்த விமானி அறைக்கு நல்ல இருக்கையாகவும், ஒரு ரகத்தை இன்னொரு ரகமாக மாற்றவும் பயன்படுகின்றன. பல கிட்களின் பாகங்களைக் கலந்து புதியதொன்றைக் கட்டுவதற்குக் கிட்பாஷிங் என்று பெயர். திரைப்படத் துறை இதைப் பெரிய கலையாகவே வளர்த்தது. 1977-இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் விண்கலங்களை உருவாக்கிய இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் கலைஞர்கள், கடைகளில் விற்ற டாங்கி, கார், விமானக் கிட்களின் பாகங்களை அவற்றின் மேற்பரப்பெங்கும் ஒட்டினார்கள். டாங்கிச் சக்கரமும் எஞ்சின் மூடியும் வண்ணம் பூசிய பிறகு விண்கலத்தின் இயந்திர அமைப்பாகவே தெரிந்தன. தொட்டறிய முடியாத பிரம்மாண்டத்தைத் திரையில் நம்பவைத்தது இந்தச் சிறு துண்டுகளின் நெருக்கமே.

கேள்வி: வெறும் ரன்னர் சட்டங்களை என்ன செய்வது? பெட்டி நிரம்பினால்?

பதில்: ரன்னர் துண்டை மெழுகுவர்த்திச் சுடருக்குச் சற்று மேலே சுழற்றிச் சூடாக்கி, மென்மையானதும் சுடரை விட்டு விலக்கி, இரு முனையையும் நிதானமாக இழுத்தால் தலைமுடி அளவு மெல்லிய இழை கிடைக்கும். விமானத்தின் ஆன்டெனாக் கம்பிக்கும் கப்பலின் பாய்மரக் கயிற்றுக்கும் அது ஏற்றது. தெளிவான ரன்னரைச் சீவிச் சிறு விளக்குகள் செய்யலாம். ரன்னரைச் சிறு துண்டுகளாக வெட்டி மாடல் சிமென்டில் கரைத்தால் இடைவெளி அடைக்கும் குழம்பு கிடைக்கும். அது காய்ந்ததும் மாடலின் அதே பிளாஸ்டிக்காகிவிடும். சிமென்ட் ஆவி தீப்பற்றக்கூடியது என்பதால், கரைக்கும் வேலையைச் சுடர் இல்லாத, காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும்.

இத்தனைக்கும் ஒவ்வொரு நிறத்திலும் சில துண்டுகள் போதும். எஞ்சியதைக் கழித்துவிடலாம். பாலிஸ்டைரீனுக்கு மறுசுழற்சிக் குறி 6; எடுத்துக்கொள்ளும் இடமிருந்தால் பிரித்துக் கொடுப்பது நல்லது. ஜப்பானில் 2021 முதல் பண்டாய் குழுமம் தன் மாடல்களின் ரன்னர்களைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்துவருகிறது.

பெட்டியை ஆண்டுக்கு ஒரு முறையாவது முழுதாகத் திறந்து பார்க்க வேண்டும். உடைந்தவை, இன்னதென்று தெரியாதவை, ஒரே மாதிரி பத்து இருப்பவை ஆகியவற்றைக் கழிக்கலாம். கழித்தவற்றில் நல்லவற்றைப் புதிதாக மாடல் கட்டத் தொடங்கியவர்களுக்குக் கொடுத்தால், ஒரு சக்கரம் தொலைந்ததற்காக அவர்கள் ஒரு கிட்டையே கைவிட நேராது.