குறைந்த செலவில் கேமிங் கணினி: வாங்கும் முன் ஒரு கணக்கு

மாணவர்களே, விடுமுறையில் வேலை செய்து சேர்த்த பணத்தில் கேமிங் கணினி ஒன்றை நீங்களே பூட்ட நினைக்கிறீர்களா? பஹாவ் பக்கத் தோட்டங்களிலிருந்து சிரம்பான் கடைகளுக்குப் போய்வர ஒரு பொழுதே ஓடிவிடும். பொருந்தாத பாகத்தை வாங்கி வந்தால் பணமும் வீண், பயணமும் வீண். எனவே, கடைக்குப் போகும் முன் பென்சிலை எடுங்கள்.

முதலில் திரை. முழு எச்டி திரையில் 1920 × 1080 = 2,073,600 புள்ளிகள் உள்ளன. படம் விநாடிக்கு 60 முறை மாறினால், கிராஃபிக்ஸ் அட்டை விநாடிக்கு 12 கோடிக்கும் அதிகமான புள்ளிகளை வரைய வேண்டும். 4கே திரைக்கு இதைப்போல் 4 மடங்கு வேலை. முழு எச்டி திரையோடு நின்றால், விலை குறைந்த அட்டையே போதும்.

அடுத்து பொருத்தம். ரைசன் 5 5600 செயலி ஏஎம்4 தாய்ப்பலகையில் மட்டுமே அமரும். அதற்கு டிடிஆர்4 நினைவகம் வேண்டும்; டிடிஆர்5 நுழையாது. இந்தச் செயலிக்குள் கிராஃபிக்ஸ் வசதி இல்லை. தனி அட்டை இல்லாவிட்டால் திரையில் படமே வராது. கையில் பணம் குறைவா? கிராஃபிக்ஸ் உள்ளடங்கிய 5600ஜி செயலியை வாங்கி, அட்டையைப் பிறகு சேர்க்கலாம்.

பலர் ஏமாறும் இடம் மின்வழங்கி, அதாவது பவர் சப்ளை. அது வீட்டின் 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்னோட்டமாக மாற்றுகிறது. இத்தகைய மின்சுற்றுகளுக்கான செமிகண்டக்டர்களைத் தயாரிக்கும் ஆன்செமி நிறுவனத்துக்கு நம் சிரம்பானிலேயே தொழிற்சாலை உண்டு.

கணக்கைப் போடுவோம். செயலி உச்ச வேகத்தில் சுமார் 90 வாட், ரேடியன் ஆர்எக்ஸ் 6600 அட்டை 132 வாட், மற்றவை சுமார் 50 வாட். மொத்தம் 272 வாட். இதில் பெரும்பகுதி 12 வோல்ட் வழியே செல்கிறது. வாட் = வோல்ட் × ஆம்பியர் என்பதால், 272 ÷ 12 = ஏறக்குறைய 23 ஆம்பியர் தேவை.

பெட்டியில் பெரிதாக '500 வாட்' என்று அச்சிட்டிருக்கலாம். பக்கவாட்டு அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு நேரே 18 ஆம்பியர் என்றிருந்தால், கிடைப்பது 12 × 18 = 216 வாட்தான். விளையாட்டு சூடுபிடிக்கும்போது கணினி அணைந்துவிடும். மட்டமான மின்வழங்கி எரிந்தால் மற்ற பாகங்களையும் கெடுக்கலாம். நல்ல 450 வாட் மின்வழங்கி இந்தக் கணினிக்குப் போதும். மற்ற எதில் சிக்கனம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள்.

மாலையில் இடி முழங்கினால் கணினியை அணைத்து, மின்செருகியையும் இணையக் கம்பியையும் கழற்றி விடுங்கள். மின்வழங்கியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். செருகியைக் கழற்றிய பிறகும் அதன் மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னேற்றம் இருக்கும்.

செய்து பாருங்கள்: ஒரு மின்வழங்கியில் 12 வோல்ட்டுக்கு 37 ஆம்பியர் என்று உள்ளது. அது எத்தனை வாட் தரும்? மேலே சொன்ன கணினிக்குப் போதுமா?