பார்க்கப் போகிற கல்லூரி, படிக்கப் போகிற கல்லூரி

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு புதியம்புத்தூர், ஓட்டப்பிடாரம் பக்கமிருந்து கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் வாடகைக் கார்கள் கிளம்பிவிடுகின்றன. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கல்லூரி பார்க்கப் போகிறார்கள். நல்ல வழக்கம்தான், மூன்று நான்கு வருஷம் இருக்கப்போகிற இடத்தைப் பார்க்காமல் சேர்ப்பதைவிடப் பார்த்துச் சேர்ப்பது மேல். ஆனால் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனவர்கள் அட்வான்ஸ் கட்டிய ரசீதோடு திரும்புகிறார்கள். ரசீதில் இருப்பது பக்கத்து வீட்டுப் பையன் எடுத்த கோர்ஸ், அல்லது ஊரில் நாலு பேர் மதிக்கிற கோர்ஸ். இந்தப் பிள்ளைக்கு எது வரும் என்ற கேள்வியை யாரும் காரில் ஏற்றிக்கொள்வதில்லை.

பக்கத்தில் என்னென்ன கல்லூரிகள் என்று நான் பட்டியல் போட வேண்டியதில்லை. தூத்துக்குடி வ.உ.சி., காமராஜ், செயின்ட் மேரீஸ், கோவில்பட்டி ஜி.வி.என்., பாளையங்கோட்டை சேவியர் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இன்ஜினியரிங் என்றால் கோவில்பட்டி கே.ஆர்.நகரில் 1984 முதல் நேஷனல் இருக்கிறது, திருநெல்வேலியில் அரசுக் கல்லூரி இருக்கிறது. கலை, அறிவியல் கல்லூரியில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: கிடைக்கும் இடம் அரசு உதவி பெறும் எய்டடா, சுயநிதி எஸ்.எஃப்.பா? ஒரே வளாகம், ஒரே பட்டம், ஆனால் சுயநிதிப் பிரிவில் கட்டணம் பல மடங்கு. எய்டட் இடத்துக்கு விண்ணப்பிக்காமலேயே எஸ்.எஃப்.பில் பணம் கட்டுகிறவர்கள் உண்டு. இன்னொன்று, கையருகே இருந்தும் கண்ணில் படாதவை. கிள்ளிகுளத்தில் வேளாண்மைக் கல்லூரி, தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி. இவற்றுக்கு விண்ணப்பம் தனி, கடைசித் தேதி தனி. பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிந்துவிட்டு உட்கார்ந்தால் தேதி போய்விடும். மானாவாரிப் பருத்திக்கும் சோளத்துக்கும் நூறு வருஷத்துக்கு மேலாக ஆராய்ச்சி நிலையம் வைத்திருக்கிற கோவில்பட்டியைச் சுற்றி இருந்துகொண்டு, விவசாயப் படிப்பை மார்க் குறைந்தவனுக்கு என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. இதில் எனக்கு ஒரு பக்கச் சாய்வு உண்டு, மறைக்கவில்லை.

நான் எச்சரிக்க நினைப்பது ஒரு வழியைப் பற்றி. தூரத்து ஊரில் ஒரு தனியார் இன்ஜினியரிங் கல்லூரி அல்லது நிகர்நிலைப் பல்கலைக்கழகம், அதில் மேனேஜ்மென்ட் சீட், பிரிவு கம்ப்யூட்டர் சயின்ஸ் அல்லது ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ். அந்தச் சீட்டு வாசலிலேயே விற்கப்படுகிறது. நுழைந்ததும் நிற்கிற போர்டில் மாணவர் படங்கள், கீழே லட்சக் கணக்கில் சம்பளம். அது அந்த வருஷத்தின் உச்சச் சம்பளம்; நடுவில் நிற்கிற மாணவனுக்குக் கிடைத்தது போர்டில் ஏறாது. ஒரே மாணவனுக்கு மூன்று கம்பெனி ஆர்டர் கொடுத்தால் அதை மூன்று வேலை என்று கூட்டவும் வழி உண்டு. அதனால் எத்தனை வேலை என்று கேட்காமல், இந்தப் பிரிவில் எத்தனை பேர் முடித்தார்கள், அவர்களில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், பெரும்பாலோருக்கு என்ன சம்பளம் என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் அதுவே பதில். நாக் கிரேடைக் காட்டினால், அது கல்லூரி முழுவதற்குமானது. பிரிவு பிரிவாகத் தருவது என்.பி.ஏ. அங்கீகாரம், அது இந்தப் பிரிவுக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். கலந்தாய்வில் சேர்ந்தால் முதல் பட்டதாரிச் சலுகை உண்டு. 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்த அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு 2021 முதல் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் அரசே ஏற்கிறது. மேனேஜ்மென்ட் சீட்டில் உட்கார்ந்த நிமிஷத்தில் இவை எல்லாம் போய்விடும். சீட்டைப் பிடித்து வைக்கிறோம் என்று டி.சி.யையும் மார்க் ஷீட்டையும் கேட்பார்கள். அசலைப் பிடித்து வைக்கக் கூடாது என்பது யு.ஜி.சி. விதி. நகலோடு நிறுத்துங்கள்.

வேலை கம்ப்யூட்டர் பிரிவில்தானே இருக்கிறது என்பார்கள். இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பெரிய சாஃப்ட்வேர் கம்பெனிகள் பி.எஸ்ஸி., பி.சி.ஏ. முடித்தவர்களையும் எடுக்கின்றன, தென்காசி மத்தளம்பாறையில் ஆபீஸ் வைத்திருக்கும் ஸோஹோ, பிளஸ் டூ முடித்தவர்களுக்கே பயிற்சி கொடுத்து வேலைக்குச் சேர்க்கிறது. பிரிவின் மவுசும் நிலையில்லாதது. 2021-ல் மெக்கானிக்கலா என்று முகம் சுளித்தவர்கள் படிப்பை முடித்து வெளியே வந்தது 2025-ல். அந்த ஆகஸ்டில்தான் தூத்துக்குடி சிப்காட்டில் வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலை திறந்தது. அதற்காக மெக்கானிக்கலில் எல்லோரையும் தள்ளுங்கள் என்று சொல்ல வரவில்லை. சேரும் வருஷத்துச் சந்தையைப் பார்த்து, முடிக்கும் வருஷத்து வேலையைக் கணிக்க முடியாது. வெளியூர் ஹாஸ்டலில் இருந்தால்தான் பிள்ளைக்கு உலகம் தெரியும் என்பது அடுத்த வாதம். அதில் உண்மை இருக்கிறது. அதற்குக் கலந்தாய்வில் கிண்டி இன்ஜினியரிங் கல்லூரியோ கோவை ஜி.சி.டி.யோ கிடைத்தால் தாராளமாக அனுப்புங்கள். தூரம் குற்றமில்லை, தூரத்துக்கு விலை கொடுத்து வாங்குவதுதான் குற்றம்.

கல்லூரியைப் பார்க்கிற முறையும் ஒன்று உண்டு. ரெடிமேட் சரக்கு எடுக்க வருகிற வியாபாரி துணியைத் திருப்பி உள்தையலைப் பார்ப்பார் என்பது புதியம்புத்தூரில் தையல் மெஷின் மிதிக்கிற எல்லோருக்கும் தெரியும். அந்தக் கண் கல்லூரி வாசலில் மட்டும் ஏன் மூடிக்கொள்கிறது? அட்மிஷன் மேளா நாளில் போகாதீர்கள். வகுப்பு நடக்கிற நாளில் போங்கள். அரசின் ‘நான் முதல்வன்’ திட்டத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளைக் களப்பயணம் அழைத்துப் போகும்போது, வேடிக்கை பார்த்துவிட்டு வராமல் கேள்வி எழுதிக்கொண்டு போகச் சொல்லுங்கள். ஒர்க் ஷாப்பில் லேத்துக்கு அடியில் இரும்புச் சுருள் கிடக்கிறதா, இல்லை ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் கைப்பிடியில் கலையாமல் காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஹாஸ்டலுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கோடையில் எத்தனை நாள் லாரி என்று கேளுங்கள். அப்பா அம்மா டீ குடிக்கப் போய்விட்டுப் பிள்ளையை இரண்டாம் வருஷத்து மாணவர்களிடம் தனியாகப் பேச விடுங்கள். அரியர் எத்தனை பேருக்கு, வாத்தியார் எத்தனை பேர் பாதியில் மாறினார்கள் என்பது அங்கேதான் வெளிவரும். கிளம்புவதற்கு முன்பே போன வருஷத்துக் கட்-ஆஃப்பைப் பார்த்துக்கொண்டால் எட்டாத இடத்துக்கு டீசல் செலவும் மிச்சம்.

கடைசியில் எல்லாம் பிள்ளையிடம்தான் வந்து நிற்கிறது. யாரும் சொல்லாமலே எதில் நேரம் போவது தெரியாமல் உட்காருகிறான், எந்தப் பாடத்தில் மார்க் குறைந்தும் ஆசை குறையவில்லை என்பது வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் கேட்காமல் விடுகிறோம். பிடித்த படிப்பில் சுமாரான கல்லூரி கிடைத்தவன் தானாகத் தேடிப் படித்து மேலே வருவான். பிடிக்காத படிப்பில் கண்ணாடிக் கட்டடம் கிடைத்தவன் அரியரை எண்ணிக்கொண்டிருப்பான். முதல் பட்டத்தோடு கதை முடிவதும் இல்லை, பி.எஸ்ஸி.க்குப் பிறகு எம்.எஸ்ஸி., பாலிடெக்னிக் முடித்து நேரடியாக இரண்டாம் வருஷ பி.இ. என்று வழிகள் திறந்தே இருக்கின்றன. விண்ணப்பம் போடுவதில் அவசரம் காட்டுங்கள், ஒன்றுக்கு நாலு இடத்தில் போடுங்கள். பணம் கட்டுவதில் மட்டும் கலந்தாய்வு முடியும்வரை பொறுத்திருங்கள்.