வானவில்லுக்குள் பத்து எண்கள்

கேள்வி: ரெசிஸ்டரின் வண்ணக் கோடுகளை நினைவில் வைப்பது எப்படி? (வாசகர், பாளையம்பட்டி)

பதில்: மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் எனும் மின்தடையத்தின் வண்ண வரிசையை இருளிலிருந்து வெளிச்சத்துக்குச் செல்வதாகக் கொண்டால், கருப்பு 0, பழுப்பு 1 எனத் தொடங்கி, கருநீலம் நீங்கிய வானவில்லின் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா ஆகியவை 2 முதல் 7 வரை நின்று, சாம்பல் 8, வெள்ளை 9 என முடிவது எளிதில் மனத்தில் பதியும். தங்கக் கோட்டை வலப்புறம் வைத்துப் படிக்கையில், முதலிரு கோடுகள் இலக்கங்களையும், மூன்றாவது சேர்க்கவேண்டிய சுழியங்களின் எண்ணிக்கையையும் குறிப்பதால், மஞ்சள், ஊதா, சிவப்பு, தங்கம் என்பது 4,700 ஓம் ஆகும். தங்கம், அம்மதிப்பு 5 விழுக்காடு கூடவோ குறையவோ இருக்கலாம் என்பதைக் காட்டும். சூட்டில் கருகிய ரெசிஸ்டரில் சிவப்பும் பழுப்பும் ஒன்றாகவே தோன்றுமாதலால், அதன் ஒரு காலைப் பலகையிலிருந்து விடுவித்து மல்டிமீட்டரால் அளப்பதே நம்பகமானது.