நகராத முள்

கேள்வி: நான்கு மாதத்தில் ஏழு கிலோ குறைத்தேன். இப்போது எடை முள் அசையவே மாட்டேன் என்கிறது, ஆர்வமும் போய்விட்டது. என்ன செய்யலாம்?
- வாசகி, பீளமேடு, கோவை

பதில்: முள் நிற்பதற்குச் சோம்பல்தான் காரணம் என்று சொல்ல முடியாது. எடை குறையக் குறைய உடல் செலவிடும் கலோரியும் குறையும். அமெரிக்காவின் ‘தி பிக்கஸ்ட் லூசர்’ என்ற எடைக் குறைப்பு டிவி நிகழ்ச்சியின் போட்டியாளர்கள் 14 பேரை, போட்டி முடிந்து ஆறு ஆண்டு கழித்துப் பரிசோதித்தார்கள். ஓய்வில் அவர்கள் உடல் எரித்தது, எதிர்பார்த்ததைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவு. 2016-ல் வெளியான ஆய்வு இது.

அதற்காக வழியே இல்லை என்றில்லை. அதே நாட்டில் 1994-ல் தொடங்கிய தேசிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேட்டில் இடம்பெற, 13.6 கிலோவாவது குறைத்து ஓராண்டு தக்கவைத்திருக்க வேண்டும். அப்படி இடம்பெற்றவர்களில் பெரும்பாலோர் வாரம் ஒருமுறையாவது எடை பார்ப்பவர்கள். தினமும் ஒரு மணி நேரம்போல உடற்பயிற்சி செய்பவர்கள். அதிகம் பேர் செய்வது வெறும் நடைதான்.

நடக்க கோவையில் இடத்துக்கா பஞ்சம்? ரேஸ்கோர்ஸ் சுற்று ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர். சுற்றி முடித்ததும் பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும் என்றால் கணக்கு நேராகிவிடும்; அந்த வாசனையைத் தாண்டி வருவது தனி யோகாசனம்!

முள்ளோடு இன்னோர் அளவுகோலும் வேண்டும். மருதமலைப் படியில் போன மாதம் எத்தனை இடத்தில் உட்கார்ந்தோம், இந்த மாதம் எத்தனை என்று குறித்து வைக்கலாம். அரிசிம்பருப்பு சாதத்தைக் கைவிட வேண்டியதில்லை. அரிசியைக் குறைத்துப் பருப்பைக் கூட்டி, நெய்யை ஒரு ஸ்பூனோடு நிறுத்தினால் போதும். அப்படியும் முள் அசையாவிட்டால் தைராய்டு பரிசோதனைக்கு மருத்துவரைப் பார்ப்பது நல்லது.