பந்தயக் குதிரைக்கு எத்தனை நாள் ஓய்வு?

மேற்கு ரயில் பாதையில் சர்ச்கேட்டுக்குப் போய் வரும் நம்மவர்களுக்கு, மகாலட்சுமி நிலையத்தை ஒட்டிய குதிரைப் பந்தய மைதானம் பழகிப்போன காட்சி. 1883-ல் தொடங்கிய அந்த மைதானத்தில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை பந்தயங்கள் நடக்கின்றன. ஜூலை முதல் அக்டோபர் வரை புனேயில் பந்தயக் காலம். ஆக, ஆண்டின் பெரும்பகுதியில் குதிரைக்கு ஏதாவது ஓர் ஓட்டம் காத்திருக்கிறது.

பந்தயத்தில் பணம் கட்டுவது சரியா, தவறா என்பது தனி விவாதம். நாம் இங்கே பார்க்கப்போவது ஓடுகிற பிராணியைப் பற்றி. ஒரு குதிரையை எத்தனை நாளுக்கு ஒருமுறை ஓடவிடலாம்? கேள்வி எளிது. ஆனால் குதிரையின் உடலில் ஒவ்வோர் உறுப்பும் வெவ்வேறு வேகத்தில் களைப்பு தீர்கிறது என்பதால், விடை சற்று நிதானமாகப் பார்க்க வேண்டியது.

ஓடும்போது நடப்பது என்ன?

பந்தயக் குதிரையின் எடை ஏறக்குறைய 450 முதல் 500 கிலோ. அது மணிக்கு 60 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் பாய்கிறது. ஓய்வில் நிமிடத்துக்கு 30 முதல் 40 முறை துடிக்கும் இதயம், அப்போது 220 முறைக்கு மேல் துடிக்கிறது. மண்ணீரலில் சேமிப்பாக இருக்கும் சிவப்பணுக்கள் ரத்தத்தில் வந்து கலக்கின்றன. குதிரையால் வாய் வழியாக மூச்சு விட முடியாது. மூக்கு ஒன்றே வழி. நாலுகால் பாய்ச்சலில் ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு என்பது கணக்கு. இந்த அழுத்தத்தில் நுரையீரலின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் வெடிப்பதும் உண்டு. மூக்கில் ரத்தம் வெளியே தெரிவது சில குதிரைகளுக்குத்தான். ஓட்டம் முடிந்ததும் குழாய் விட்டுப் பார்த்தால், பாதிக்கு மேற்பட்ட குதிரைகளின் மூச்சுக்குழாயில் ரத்தக் கசிவைக் காணலாம்.

எது எப்போது தேறும்?

மூச்சும் இதயத் துடிப்பும் ஒரு மணி நேரத்தில் பெரும்பாலும் சீராகிவிடும். வியர்வையில் போன நீரும் உப்பும் ஓரிரு நாளில் ஈடாகும். தசையில் எரிபொருளாக இருக்கும் கிளைக்கோஜன் மனிதனுக்கு ஒரு நாளில் நிரம்பினால், குதிரைக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். எனவே நான்கைந்து நாளில் குதிரை நன்றாகத் தின்னும், துள்ளும், பார்வைக்குப் புதிதாகத் தெரியும். அனுபவம் இல்லாதவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

எலும்பின் கணக்கு வேறு. குதிரையின் காலில் முழங்காலுக்குக் கீழே தசை கிடையாது. எலும்பும் தசைநாணும் குளம்பும்தான். முழுப் பாய்ச்சலில் முன்னங்கால் ஒன்று தரையில் ஊன்றும் நொடியில், உடல் எடையைப் போல் சுமார் இரண்டரை மடங்கு பாரம் அதன்மேல் இறங்குகிறது. இதனால் எலும்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் உண்டாகின்றன. எலும்பு உயிருள்ள பொருளாதலால் அது தன்னைத்தானே பழுது பார்த்துக்கொள்கிறது. முதலில் கெட்ட பகுதியைக் கரைக்கிறது. பிறகு புது எலும்பால் நிரப்புகிறது. கரைக்கும் வேலை சில வாரங்களில் முடியும். நிரப்பும் வேலைக்கு மாதங்கள் ஆகும். பழைய சுவரை இடித்துவிட்டுப் புதுச்சுவர் எழுப்புவதற்குள் வீடு எப்படி இருக்குமோ, இடைப்பட்ட காலத்தில் எலும்பும் அப்படித்தான் இருக்கிறது.

இதிலிருந்து இரண்டு ஆபத்துகள் தெரிகின்றன. ஒன்று, இரண்டு மூன்று மாதத்துக்குள் அதிக தூரம் அதிவேகமாக ஓட்டுவது. மற்றொன்று, நீண்ட ஓய்விலிருந்து வந்த குதிரையை உடனே முழு வேகத்தில் விரட்டுவது. கலிபோர்னியாவில் 1990-களில் நடந்த ஆய்வுகள் இவ்விரண்டையுமே சுட்டிக்காட்டின. ஓய்வு நல்லது, ஓய்வுக்குப்பின் படிப்படியாக வேகம் கூட்டுவதும் அதே அளவுக்கு முக்கியம்.

தசைநாண் இன்னும் மெதுவானது. அது கிழிந்தால் தேற ஒன்பது மாதம் முதல் ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். தேறிய பிறகும் பழைய மீள்சக்தி முழுதாக வருவதில்லை.

ஆகவே, தேறுவதில் மிக மெதுவான உறுப்பை வைத்துத்தான் அடுத்த ஓட்டத்துக்கு நாள் குறிக்க வேண்டும். மூச்சை வைத்தும் துள்ளலை வைத்தும் குறித்தால் கால் ஒருநாள் கைவிட்டுவிடும்.

அன்றும் இன்றும்

"அந்தக் காலத்துக் குதிரைகள் வாராவாரம் ஓடவில்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஹங்கேரியின் கின்செம் என்ற பெண்குதிரை 1876 முதல் 1879 வரை 54 பந்தயங்களில் ஓடி, ஐம்பத்து நான்கிலும் வென்றது. ஆஸ்திரேலியாவில் பெரும்புகழ் பெற்ற ஃபார் லாப், 1930-ல் மெல்போர்ன் கோப்பையையும் சேர்த்து எட்டு நாளில் நான்கு பந்தயங்களில் வென்றது. மாறாக, இங்கிலாந்தின் ஃபிராங்கல் 2010 முதல் 2012 வரை ஓடியவை 14 பந்தயங்கள்தாம், எல்லாவற்றிலும் வெற்றி. அமெரிக்காவில் 1960-ல் ஒரு குதிரை ஆண்டுக்குச் சராசரியாக 11 முறை ஓடியது. அண்மை ஆண்டுகளில் அது ஏறக்குறைய 6 ஆகக் குறைந்துவிட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. கின்செமும் ஃபார் லாப்பும் தாங்கி நின்றவை. அதே காலத்தில் தாங்காமல் கால் முறிந்தவற்றின் பெயர்கள் நமக்குக் கிடைப்பதில்லை. அதேபோல், பந்தய எண்ணிக்கை குறைந்ததாலேயே குதிரைக்குச் சுமை குறைந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. விடியற்காலையில் நடக்கும் வேகப் பயிற்சி ஓட்டமும் எலும்பின் கணக்கில் சேரும். பார்வையாளர் காண்பது மாதத்தில் ஓர் ஓட்டம். கால் சுமப்பது அத்தனையையும்.

பெரிய பந்தயங்களின் இடைவெளியும் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவின் மூன்று கிரீடப் பந்தயங்கள் நெடுங்காலமாக ஐந்து வாரத்துக்குள் முடிந்துவிடுபவை. 2025-ல் கென்டக்கி டெர்பியை வென்ற சாவரின்டி, இரண்டே வாரத்தில் வந்த அடுத்த பந்தயத்துக்கு அனுப்பப்படவில்லை. கிரீடம் கைநழுவியது, ஆனால் மூன்றாவதான பெல்மான்டில் ஓடி வென்றது. நம் நாட்டில் வழக்கமாக 1600 மீட்டர் பந்தயம் டிசம்பரில், 2400 மீட்டர் இந்தியன் டெர்பி பிப்ரவரித் தொடக்கத்தில், 2800 மீட்டர் செயின்ட் லெஜர் செப்டம்பரில் புனேயில். குதிரையின் காலுக்கு நம் அட்டவணை எவ்வளவோ கருணை உள்ளது.

அப்படியானால் எத்தனை நாள்?

நல்ல பயிற்சியாளர்கள் பொதுவாக இரு ஓட்டங்களுக்கு இடையே மூன்று முதல் ஐந்து வாரம் விடுகிறார்கள். குறுந்தூர ஓட்டக் குதிரைக்குச் சற்றுக் குறைவாகவும், நெடுந்தூரத்துக்குக் கூடுதலாகவும் இது மாறும். கடும் போட்டியில் கடைசி வரை விரட்டப்பட்ட குதிரைக்கும் இடைவெளி கூட வேண்டும். இரண்டு வயதுக் குட்டிக்கு எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருப்பதால் தனிக் கவனம் தேவை. அளவான, குறுகிய வேகப் பயிற்சி இளம் எலும்பை உறுதியாக்கும். அளவு மீறினால் முன்கால் எலும்பின் முகப்பு வீங்கி வலிக்கும். நம் நாட்டுப் பந்தயக் கணக்கில் எல்லாக் குதிரைக்கும் ஜனவரி 1-ல்தான் வயது கூடுகிறது. ஜனவரியில் பிறந்ததும் ஏப்ரலில் பிறந்ததும் அதனால் ஒரே வயதாகின்றன. மூன்று மாதம் இளையது என்பது காலுக்குத் தெரியும், ஏட்டுக்குத் தெரியாது.

அவசரப்படுத்துவது யார்?

குதிரை ஓடினாலும் ஓடாவிட்டாலும் உரிமையாளர் மாதந்தோறும் பயிற்சிக் கட்டணம் கட்ட வேண்டும். பரிசுப் பணம் ஓடினால்தான் வரும். பந்தயக் கழகத்துக்கோ ஒவ்வொரு பந்தயத்திலும் போதிய குதிரைகள் நிற்க வேண்டும். இந்த நெருக்கடியில் வலி நிவாரணி ஊசி ஆபத்தான தோழன். வலி என்பது உடல் அடிக்கும் எச்சரிக்கை மணி. மணியின் நாக்கைக் கட்டிவிட்டு ஓடவிட்டால், விரிசல் முறிவாகிவிடும். மேலே இருக்கும் ஜாக்கியின் உயிருக்கும் அது ஆபத்து.

நோயாலோ புண்ணாலோ தகுதியிழந்த பிராணியை வேலை வாங்குவது, 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். பிற நாடுகளும் விழித்துக்கொண்டுள்ளன. 2020 மெல்போர்ன் கோப்பையில், முன்னாள் இங்கிலாந்து டெர்பி வீரன் ஆந்தனி வான் டைக் கால் முறிந்து மாண்டது. அதன்பின், அந்தக் கோப்பைக்கு வரும் குதிரைகளின் கால்களை ஸ்கேன் எடுத்துப் பார்க்கும் விதி வந்தது. அமெரிக்காவில் 2009-ல் ஆயிரம் ஓட்டத்துக்கு 2 குதிரைகள் மாண்டன. 2023-ல் அது 1.32. கவனம் கூடினால் சாவு குறையும் என்பதற்கு இது சான்று.

லாயத்தில் நலம்

ஓடாத நாட்களிலும் நலம் உண்டு. இயற்கையில் குதிரை நாளில் பெரும்பொழுது மேய்ந்துகொண்டே இருக்கும். அதன் இரைப்பையில் அமிலம் இடைவிடாமல் சுரக்கிறது. லாயத்தில் அடைத்து, இரண்டு வேளை தானியம் மட்டும் கொட்டினால் குடற்புண் வரும். பயிற்சியிலுள்ள பந்தயக் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு இது இருக்கிறது. எப்போதும் வாய்க்கெட்டும் புல்லும், அன்றாடம் சிறிது நேரம் வெளியுலாவும் எந்த மருந்தையும்விட மேல்.

தமிழ் மண்ணுக்கும் இதில் பழைய பாடம் ஒன்று உண்டு. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான அரபுக் குதிரைகள் பெரும் விலைக்கு இங்கு இறக்குமதியானதையும், ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலானவை செத்துப்போனதையும் எழுதியிருக்கிறார். அவர் சொன்ன காரணம், குதிரை வைத்தியமும் பராமரிப்பும் தெரிந்த ஆள் இல்லாமை. சோறும் இறைச்சியும் சமைத்துப் போட்டார்களாம்! விலை கொடுத்து வாங்கத் தெரிந்தவர்களுக்குப் பேணத் தெரியவில்லை.

நாம் கவனிக்க வேண்டியவை

பந்தய மைதானத்துக்குள் காலெடுத்து வைக்காத குடும்பமும் மாத்தேரானில் குதிரை ஏறுகிறது. கல்யாண ஊர்வலத்தில் குதிரையைப் பார்க்கிறது. பின்வரும் அடையாளங்களைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கலாம்:

1. நின்றபடி பின்னங்காலை மாற்றி மாற்றித் தளர்த்துவது இயல்பு. முன்னங்காலை முன்னே நீட்டிப் பாரம் தராமல் நின்றால் அங்கே வலி.

2. மெதுவோட்டத்தில் தலை மேலும் கீழும் ஆடினால் முன்காலில் நொண்டல். வலிக்கிற கால் தரையைத் தொடும்போது தலை மேலே தூக்கும்.

3. தீவனத்தை மீதம் வைப்பது, ரோமம் மங்குவது, விலா எலும்பு தெரிவது ஆகியவை ஓய்வு போதாததன் குறிகளாக இருக்கலாம்.

4. காலில் ஓரிடம் மட்டும் சூடாகவும் வீக்கமாகவும் இருந்தால், மருத்துவர் பார்க்கும்வரை வேலை கூடாது.

இப்படிப்பட்ட குதிரையில் ஏற மறுப்பதும், காரணத்தைக் குதிரைக்காரரிடம் தன்மையாகச் சொல்வதும் நம்மால் ஆகக்கூடியவை. அவரும் அந்தக் குதிரையை நம்பித்தான் பிழைக்கிறார். ஒரு வார ஓய்வு அவருக்கும் சில ஆண்டுப் பிழைப்பைக் காப்பாற்றித் தரும். நன்கு பேணிய குதிரை 25 ஆண்டுகள் வரை வாழும். அதில் பந்தயத்தில் ஓடுவது நான்கைந்து ஆண்டுகள்தாம். மிச்சமுள்ள ஆண்டுகளை அது நல்ல காலோடு கழிக்குமா, நொண்டிக் கழிக்குமா என்பது, அந்த நான்கைந்து ஆண்டுகளில் நாம் விட்டுக்கொடுத்த ஓய்வைப் பொறுத்தது.